ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கப் போறீங்களா? டப்பா மேல இருக்கற 2000 ஆம்பியரை நம்பாதீங்க

ஜம்ப் ஸ்டார்ட்டர்னா, கார் பேட்டரி இறங்கிட்டா வெளியில இருந்து கரன்ட் குடுத்து இன்ஜின ஸ்டார்ட் பண்ற கையடக்க பெட்டி. மொதல்ல இது உங்களுக்கு உண்மையிலயே தேவையான்னு பாத்துக்கோங்க. தினமும் ஓடுற பெட்ரோல் மேனுவல் கார், பேட்டரி மாத்தி ரெண்டு வருஷம்கூட ஆகல, தெருமுனைலயே பேட்டரி கடை இருக்குன்னா அந்தக் காசு உங்ககிட்டயே இருக்கட்டும். நம்ம ஊரு வெயிலுக்கு கார் பேட்டரி மூணு நாலு வருஷம் ஓடுனாலே பெரிய விஷயம், அதைத் தாண்டிட்டு காலைல செல்ஃப் இழுத்து இழுத்து அடிக்குதுன்னா வாங்க வேண்டியது புது பேட்டரி, ஜம்ப் ஸ்டார்ட்டர் இல்ல. ஆனா அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல வாரக்கணக்குல வண்டியப் போட்டுட்டு வெளியூர் போறவங்க, வால்பாறை கொல்லிமலைன்னு குடும்பத்தோட கெளம்பறவங்க, முக்கியமா ஆட்டோமேட்டிக் வச்சிருக்கறவங்க, இவங்களுக்கு ஒண்ணு கையில இருந்தா நல்லது. ஆட்டோமேட்டிக்க தள்ளி ஸ்டார்ட் பண்ணவே முடியாது. மேனுவலும் இப்போ கார்புரேட்டர் காலத்து மாதிரி இல்ல, பேட்டரி சுத்தமா செத்துட்டா ஃப்யூயல் பம்புக்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் கரன்ட் இல்லாம நாலு பேர் என்ன, நாப்பது பேர் தள்ளுனாலும் எடுக்காது.

சரி, வாங்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு. ஆன்லைன்ல தேடுனா 1000 ஆம்பியர், 2000 ஆம்பியர், 3000 ஆம்பியர்னு ஏலம் விட்ட மாதிரி போட்டிருப்பான். அதெல்லாம் பீக் ஆம்பியர், அதாவது கண்ணிமைக்கற நேரம் வந்துட்டுப் போற கரன்ட், அதையும் எப்படி அளக்கணும்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு முறை கிடையாது, அதனால அவனவன் இஷ்டத்துக்கு நம்பர் போடறான். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 12000 எம்.ஏ.எச் (மில்லி ஆம்பியர் அவர், அதாவது பேட்டரியோட கொள்ளளவு, 1000 சேந்தா ஒரு ஆம்பியர் அவர்)னு போட்ட ஒரு யூனிட்டுக்குள்ள பெரும்பாலும் இருக்கறது 4000 எம்.ஏ.எச் செல்லு மூணு, அதை வரிசையா மாட்டிட்டு கொள்ளளவ மட்டும் கூட்டி 12000னு போட்டுடறான், வரிசையா மாட்டுனா கூடுறது வோல்டேஜ்தான், கொள்ளளவு அதே 4000தான் நிக்கும். அந்த 4 ஆம்பியர் அவர் செல்லு 2000 ஆம்பியர் தரணும்னா தன்னோட கொள்ளளவு மாதிரி 500 மடங்கு கக்கணும். நடக்கற காரியமா?

அதனால டப்பாவத் திருப்பி ஸ்டார்ட் கரன்ட் அல்லது கிராங்கிங் கரன்ட்னு, அதாவது இன்ஜின சுத்த வைக்க சில செகண்ட் விடாம தர்ற கரன்ட், தனியா என்ன போட்டிருக்கான்னு பாருங்க. அது போடவே இல்லன்னா அடுத்த மாடலுக்குப் போயிடுங்க, அவ்ளோதான். நான் வச்சிருக்கற குத்துமதிப்பு இதான்: ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி சின்ன பெட்ரோலுக்கு ஸ்டார்ட் கரன்ட் 200 ஆம்பியர் இருந்தா தாராளம், 1.5 லிட்டர் டீசலுக்கு 300ல இருந்து 400, இன்னோவா ஸ்கார்ப்பியோ மாதிரி பெரிய டீசலுக்கு 500 பக்கம் பாருங்க. டீசல்ல கம்ப்ரெஷன் அதிகம்ங்கறதால இன்ஜின சுத்த வைக்கவே கூடுதல் தெம்பு வேணும்.

எம்.ஏ.எச் நம்பரையும் இதே சந்தேகத்தோட பாருங்க, வாட் அவர், அதாவது மொத்தமா உள்ள இருக்கற சக்தி எவ்ளோன்னு தேடுங்க, அது ஒண்ணுலதான் ஏமாத்தறது கஷ்டம். இல்லன்னா நீங்களே போட்டுக்கலாம், 12000 எம்.ஏ.எச்னா 12 ஆம்பியர் அவர், அது எல்லா செல்லையும் கூட்டுன நம்பர்ங்கறதால ஒரு செல்லோட 3.7 வோல்டால பெருக்குனா 44 வாட் அவர் சொச்சம். பெட்ரோல் காருக்கு 30 வாட் அவருக்கு மேல இருந்தா போதும், டீசல்னா 45, 50க்குக் கீழ போகாதீங்க. ஃபோன் சார்ஜ் பண்ற போர்ட்டு, டார்ச், திசைகாட்டி இதெல்லாம் பாத்து மயங்க வேணாம். காம்பஸ் வச்சு என்ன பண்ணப் போறோம், கடல்லயா போறோம்?

நெறைய பேர் பாக்காம விடறது கேபிளும் கிளாம்பும். வயர் குட்டையா தடியா இருக்கணும், பிடிச்சா கையில கனம் தெரியணும். மெலிசா, முக்காவாசி ரப்பர் உறையா இருக்கற வயர்ல அவ்ளோ கரன்ட் போகும்போது வோல்டேஜ் அங்கயே விழுந்துடும், உள்ள எவ்ளோ நல்ல செல்லு இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. கிளாம்போட பல்லு செம்பா இருக்கணும், ஸ்பிரிங் இறுக்கமா கடிக்கணும், ஆட்டுனா கழண்டு வரக்கூடாது. கிளாம்புக்கு நடுவுல ஒரு சின்ன பெட்டி இருக்கும் பாருங்க, ஸ்மார்ட் கிளாம்ப்னு சொல்வாங்க, பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்தா கரன்ட் விடாது, ஷார்ட் ஆனா கட் பண்ணும். ராத்திரி நேரம், மழை, பின்சீட்டுல குழந்தை அழுதுட்டு இருக்கு, அப்போ மாத்தி மாட்டறது யாருக்கும் நடக்கும், அதனால இது இல்லாத மாடல் எவ்ளோ மலிவா கெடச்சாலும் வேணாம். கூடவே பூஸ்ட் பட்டன் இருந்தா நல்லது. பேட்டரி ரொம்ப இறங்கிட்டா ஸ்மார்ட் கிளாம்புக்கு எதிர்ல பேட்டரி இருக்கறதே தெரியாது, அப்போ பூஸ்ட் அழுத்துனாத்தான் கரன்ட் விடும். ஆனா அந்த நேரம் பெரும்பாலான மாடல்ல பாதுகாப்பு வேலை செய்யாது, செவப்பு கறுப்ப ரெண்டு தடவை பாத்துட்டு அழுத்துங்க.

இப்போ நம்ம ஊருக்கான விஷயம், வெயில். ஏப்ரல் மே மாசம் மூடுன கார வெளிய நிறுத்துனா உள்ள 60 டிகிரிய சாதாரணமா தாண்டும், டேஷ்போர்டு மேல கேக்கவே வேணாம். லித்தியம் செல்லுக்கு அது ஆகவே ஆகாது, உப்பிப் போகும், மோசமானா தீப்பிடிக்கும். எமர்ஜென்சிக்குத்தான வாங்கறோம், கார்லயே கெடக்கட்டும்னு நெனைக்கறது நியாயம்தான், ஆனா வெயில்ல நிக்கற கார்ல சாதா லித்தியம் யூனிட்ட வருஷம் முழுக்க போட்டு வைக்கறது வேணாம். அடிக்கடி வெயில்ல நிறுத்தறவங்க லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லு போட்ட மாடலா தேடுங்க, கொஞ்சம் கனம் கூட, ஆனா சூட்டுக்கு எளிதுல பத்திக்காது. இல்லன்னா சூப்பர் கெபாசிட்டர் மாடல் இருக்கு. அதுக்குள்ள லித்தியமே கெடையாது, செத்துப்போன உங்க பேட்டரில மிச்சம் இருக்கற கொஞ்ச நஞ்ச சார்ஜ சில நிமிஷத்துல உறிஞ்சு சேத்து வச்சு ஒரே மூச்சா திருப்பிக் குடுக்கும். மாசக்கணக்குல சார்ஜ் போடாம கெடந்தாலும் கவலை இல்ல. விலை கூட, ஒண்ணு ரெண்டு முயற்சிக்குத்தான் தாங்கும், பேட்டரி அடியோட செத்திருந்தா வேற எங்கருந்தாவது அதை சார்ஜ் பண்ணணும். மத்தவங்க சாதா லித்தியமே வாங்கிட்டு, வீட்டுல வச்சிருந்து லாங் டிரைவ் போகும்போது மட்டும் எடுத்துட்டுப் போங்க, நானா இருந்தா அதைத்தான் செய்வேன். பேர் தெரியாத பிராண்டு, பி.ஐ.எஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இல்லாத லித்தியம் டப்பா எதையும் பெட்ரூம்ல வச்சு சார்ஜ் போடாதீங்க.

பைக்குக்கு தனியா வாங்க வேணாம், 12 வோல்ட் கார் யூனிட்டே போதும், ஆனா பைக் பேட்டரி சீட்டுக்கு அடில ஒடுங்கி இருக்கும், பெரிய கிளாம்ப் உள்ள போகுமான்னு பாத்துக்கோங்க. பெரிய லாரி பஸ்ஸெல்லாம் 24 வோல்ட், அதுக்கு இது ஆகாது. எலக்ட்ரிக் கார்லயும் ஒரு குட்டி 12 வோல்ட் பேட்டரி உண்டு, அது படுத்துட்டா பெரிய பேட்டரில சார்ஜ் இருந்தும் வண்டி எந்திரிக்காது, அப்போ இது உதவும், ஆனா எந்த எடத்துல மாட்டணும்னு கார் மேனுவல்ல பாத்துட்டுச் செய்ங்க.

மாட்டற முறை சுலபம். லைட், ஏ.சி எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு செவப்ப பேட்டரி பிளஸ்ல, கறுப்ப முடிஞ்சா இன்ஜின் பக்கம் பெயின்ட் இல்லாத இரும்புல கடிக்க விடுங்க. பேட்டரில இருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பொறி அது பக்கத்துல விழாம இருக்கறது நல்லது. சிக்னல்ல நின்னா இன்ஜின் தானா ஆஃப் ஆகற ஸ்டார்ட் ஸ்டாப் வசதி இருக்கற கார்ல மைனஸ் டெர்மினல்ல சென்சார் வேற இருக்கும், அதனாலயும் இரும்புலயே கடிக்க விடறதுதான் சரி. ஒரு தடவைக்கு அஞ்சு செகண்டுக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க, எடுக்கலன்னா ஒரு நிமிஷம் விட்டு அடிங்க. ஸ்டார்ட் ஆனதும் உடனே கிளாம்ப கழட்டிடுங்க, கறுப்பு மொதல்ல.

வாங்குன உடனே ஃபுல் சார்ஜ் போட்டு, ரிட்டர்ன் காலம் முடியறதுக்குள்ள தெரிஞ்ச பேட்டரி கடைல ஒரு வீக் பேட்டரி வச்சு சோதிச்சுப் பாருங்க, உங்க கார் பேட்டரி ஒயரக் கழட்டி சோதிக்கற விளையாட்டெல்லாம் வேணாம். அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போட ஃபோன்ல நினைவூட்டல் வச்சுக்கோங்க, இல்லன்னா தேவைப்படற அன்னிக்கு அதுவும் செத்துதான் கெடக்கும்.

ஒரே மாசத்துல ரெண்டு மூணு தடவை இதை எடுக்க வேண்டி வந்தா வோல்டேஜ் அளக்கற மல்டிமீட்டர எடுங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியோட பேட்டரில 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், இன்ஜின் ஓடும்போது 13.8ல இருந்து 14.5 வரைக்கும் இருக்கணும். ஓடும்போதும் 12 சொச்சத்துலயே நின்னா இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற ஆல்டர்நேட்டர் வேலை செய்யல, புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிடும், ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போயிடுங்க. லைட் பளிச்சுனு எரியுது, சாவியத் திருப்புனா ஒரே ஒரு டக் சத்தம்தான் வருதுன்னா டெர்மினல்ல வெள்ளையா பூத்திருக்கா, லூசா இருக்கான்னு பாருங்க, அது சுத்தமா இருந்தா கோளாறு ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம், அதுக்கு எந்த ஜம்ப் ஸ்டார்ட்டரும் உதவாது. நேஷனல் ஹைவேல அப்படி மாட்டிக்கிட்டா ஹைவே உதவி எண் 1033க்கு போன் போடுங்க.