இ.டி.எஃப்பா, இண்டெக்ஸ் ஃபண்டா: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா, ஐம்பது பெரிய நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டில் பணம் போட இ.டி.எஃப். (பங்குச்சந்தையிலேயே வாங்கி விற்கும் ஃபண்ட்) நல்லதா, அதே குறியீட்டைப் பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்டான இண்டெக்ஸ் ஃபண்ட் நல்லதா என்று கேட்டார். இரண்டிலும் இருப்பவை அதே ஐம்பது நிறுவனங்களின் பங்குகள்தாம். வாங்கும் வழியில்தான் வேறுபாடு.

இண்டெக்ஸ் ஃபண்டில், பிற்பகல் 3 மணிக்குள் விண்ணப்பமும் பணமும் சேர்ந்துவிட்டால் அன்றைய சந்தை முடிந்தபின் கணக்கிடப்படும் என்.ஏ.வி.யில் (ஒரு யூனிட்டின் நிகர மதிப்பு) யூனிட், அதாவது ஃபண்டில் நம் பங்கு, கிடைக்கும். இ.டி.எஃப். யூனிட்டுகளோ காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரை பங்குச்சந்தையில் கைமாறுகின்றன. அதற்குப் பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு வேண்டும், விலையும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். விடியற்காலை மல்லி விலை பத்து மணிக்கு நிற்காது என்று அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

செலவுக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு லட்சம் ரூபாய்க்கு இ.டி.எஃப்.பின் செலவு விகிதம் (ஃபண்டை நடத்த ஆண்டுதோறும் பிடிக்கும் தொகை) 0.05 சதவீதம், இண்டெக்ஸ் ஃபண்டினுடையது 0.20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு மிச்சம் 150 ரூபாய். ஆனால் வாங்குவோரும் விற்போரும் குறைந்த ஓர் இ.டி.எஃப்.பை அதன் உண்மை மதிப்பைவிட அரை சதவீதம் கூடுதலாக வாங்கினால், அந்த ஒரே ஆர்டரில் 500 ரூபாய் போய்விடும். மூன்று ஆண்டு மிச்சத்துக்கும் மேல். அவசரப்பட்டு, கிடைக்கும் விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டு நானே இப்படி இழந்திருக்கிறேன்.

ஆகவே இ.டி.எஃப். வாங்குபவர், திரையில் தெரியும் ஐந்து வாங்கும் விலைகளையும் ஐந்து விற்கும் விலைகளையும் முதலில் பார்க்க வேண்டும். முதல் வரியில் இரண்டுக்கும் இடையே சில பைசாவே இருந்து, பக்கத்தில் எண்ணிக்கையும் ஆயிரக்கணக்கில் இருந்தால் நல்லது. பிறகு ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்நேரத்து ஐ.என்.ஏ.வி.யை (சந்தை நேரத்தில் மாறிக்கொண்டே இருக்கும் யூனிட் மதிப்பு) பார்த்து, அதை ஒட்டிய விலையில், குறித்த விலைக்கு மேல் கொடுக்காத லிமிட் ஆர்டர் போட வேண்டும். வெளிநாட்டுக் குறியீட்டு இ.டி.எஃப்.களில் இந்தச் சோதனை இன்னும் அவசியம். ஃபண்டுகள் வெளிநாட்டில் முதலீடு செய்வதற்கான உச்சவரம்பால் புதிய யூனிட் உருவாகாதபோது விலை மதிப்பைத் தாண்டி ஏறிவிடுகிறது.

வரி இரண்டுக்கும் ஒன்றே: உள்நாட்டுப் பங்கு சார்ந்தவற்றில் ஓராண்டுக்குப் பின் விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்கு முன்பென்றால் 20 சதவீதம்.

மாதம் 2,000 ரூபாய் போடும் சித்தப்பாவுக்கு, விநியோகஸ்தர் கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டத்தில் இண்டெக்ஸ் ஃபண்ட் எஸ்.ஐ.பி.யையே (மாதாமாதம் ஒரே தொகை போடும் முறை) சொன்னேன். இ.டி.எஃப்.பில் முழு யூனிட்டாகத்தான் வாங்க முடியும், மீதிச் சில்லறை சும்மா கிடக்கும். ஃபண்டிலோ போட்ட தொகை ஏறக்குறைய முழுவதும் யூனிட்டாகிவிடும், திரும்பக் கேட்கும்போது நிறுவனமே என்.ஏ.வி.யில் எடுத்துக்கொள்ளும், ஆள் தேட வேண்டியதில்லை.