88,400-ல் நமக்கு 4,900தானா? வேலைவாய்ப்புக் கணக்கைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 தொடக்கத்தில் ஒரு நாள் காலை, சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து புளோக்கு அண்ணன் ஒருவர், பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், தேநீரைக்கூடத் தொடாமல் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த படம். சிவப்பு எழுத்தில் இரண்டே வரி: 2023-ல் கூடிய வேலை 88,400. உள்ளூர்வாசிகளுக்கு 4,900.

“பாத்தியா தம்பி? மிச்சம் எல்லாம் யாருக்குப் போச்சு?”

எண்கள் இரண்டும் சரி. மனிதவள அமைச்சு வெளியிட்டவைதான். உள்ளூர்வாசிகள் என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்து. மிச்சம் 83,500 வெளிநாட்டினர் என்பதும் உண்மை. ஆனால் அண்ணன் அதை வாசித்த விதம் தவறு. அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. தலைப்பைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போகிற நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வாசிக்கிறோம்.

நிகர மாற்றத்தைப் ‘புது வேலை’ என்று எண்ணுவது

4,900 என்பது அந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்வாசிகளின் எண்ணிக்கை இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள், ஆண்டு முடிவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அண்ணனிடம் அவருடைய பேருந்தை வைத்தே சொன்னேன். “ஒரு ஸ்டாப்புல நாப்பது பேர் ஏறினாங்க, முப்பத்தெட்டு பேர் இறங்கினாங்க. கூடினது ரெண்டு. அதுக்காக ரெண்டு பேர்தான் ஏறினாங்கன்னு சொல்வீங்களா?”

இறங்குகிறவர்களில் அண்ணனும் ஒருவர். நம்முடைய சமூகம் மூப்படைகிறது. ஓய்வுபெறுகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் கணக்கிலிருந்து கழிகிறார்கள். வேலை செய்யும் வயதிலுள்ள உள்ளூர்வாசிகளில் பெரும்பாலோர் ஏற்கெனவே வேலையில் இருப்பதால், புதிதாகச் சேர்க்க மிஞ்சியிருப்பவர்களும் அதிகமில்லை. வெளிநாட்டினர் எண்ணிக்கைக்கு அந்த எல்லை கிடையாது. கட்டுமானத்துக்கு ஆள் வேண்டுமென்றால் கொள்கை அனுமதிக்கிற அளவுக்கு விமானத்தில் வந்து இறங்குவார்கள்.

இதே கணக்கைக் கொவிட் ஆண்டில் பாருங்கள். 2020-ல் இல்லப் பணிப்பெண்களைச் சேர்க்காமல் மொத்த வேலைவாய்ப்பு 166,600 குறைந்தது. அதில் வெளிநாட்டினர் 181,500 பேர் குறைந்தார்கள், உள்ளூர்வாசிகள் 14,900 பேர் கூடினார்கள். அந்த ஆண்டு யாரும் சிவப்பு எழுத்தில் படம் போடவில்லை. பிறகு எல்லை திறந்து, நின்றுபோன கட்டுமானத் தளங்கள் மறுபடி ஓட ஆரம்பித்ததும் 2022-ல் ஒரே ஆண்டில் 227,800 கூடியது. குழி விழுந்த இடம் நிரம்பியதும் அந்தக் கூட்டலில் சேர்ந்தே இருக்கிறது. இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. வேலையில் இருக்கும் ஒருவருக்கு நிரந்தரவாசம் கிடைத்தால், அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் வெளிநாட்டினர் கணக்கிலிருந்து உள்ளூர்வாசிகள் கணக்குக்கு மாறிவிடுகிறார்.

வெளிநாட்டு ஊழியர் பற்றிக் கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அதற்கு வேலை அனுமதிச் சீட்டு (கட்டுமானம் போன்ற உடலுழைப்பு வேலைக்கு), எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கு), எம்ப்ளாய்மென்ட் பாஸ் (உயர்நிலை அலுவலக வேலைக்கு) என்று பிரித்துப் பார்க்க வேண்டும். லாரியில் வந்து இறங்கி இரும்புக் கம்பி கட்டுகிறவரையும், ராஃபிள்ஸ் பிளேசில் வங்கி அலுவலகத்துக்குப் போகிறவரையும் ஒரே எண்ணில் அடைத்துவிட்டு ‘நம் வேலையைப் பறித்தார்கள்’ என்றால், எந்த வேலை என்ற கேள்விக்கே பதில் இருக்காது.

மூன்று விகிதத்தில் வசதியானதை எடுத்துக்கொள்வது

காலாண்டுதோறும் வரும் அறிக்கையில் வேலையின்மை விகிதம் ஒன்று இல்லை, மூன்று: மொத்த விகிதம், உள்ளூர்வாசிகள் விகிதம், சிங்கப்பூரர்கள் விகிதம். 2023-ல் மொத்தம் 1.9 விழுக்காடு, உள்ளூர்வாசிகள் 2.7, சிங்கப்பூரர்கள் 2.8. உள்ளூர்வாசிகள் என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்து.

மொத்த விகிதம் ஏன் எப்போதும் தாழ்ந்தே இருக்கிறது? வேலை அனுமதியில் வந்தவருக்கு வேலை போனால் அனுமதியும் போகிறது. குறுகிய காலத்துக்குள் வேறு முதலாளி கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். அவர் வேலை இல்லாமல் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது. அவருடைய வேலையின்மை சிங்கப்பூர்க் கணக்கில் ஏறாமல் அவருடைய ஊருக்குப் போய்விடுகிறது. லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் வெளிநாட்டு ஊழியத் தம்பிமார்களில் யாரையாவது கேளுங்கள், புள்ளிவிவரம் படிக்காமலே இதைச் சொல்வார்கள். ஆகவே குடும்பம், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று இங்கேயே வேர்விட்டவர்கள் நிலை தெரிய வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது உள்ளூர்வாசிகள் விகிதம். 1.9-ஐ வைத்து மார்தட்டுவதும் தவறு. போன ஆண்டின் மொத்த விகிதத்தையும் இந்த ஆண்டின் உள்ளூர்வாசிகள் விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘பாரு, ஏறிடுச்சு’ என்று பதறுவது அதைவிடப் பெரிய தவறு. இரண்டையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வேலைவாய்ப்பு கூடினால் வேலையின்மை குறைந்தே தீரும் என்று நினைப்பதும் இதோடு ஒட்டிய தவறுதான். 2020-ல் வேலை செய்யும் உள்ளூர்வாசிகள் 14,900 பேர் கூடினார்கள் என்று பார்த்தோம். அதே ஆண்டில் அவர்களுடைய வேலையின்மை 2019-ல் இருந்த 3.1-லிருந்து 4.1 விழுக்காட்டுக்கு ஏறியது. முரண்பாடு இல்லை. கணவருக்குச் சம்பளம் குறைகிறது, மனைவி வேலை தேட இறங்குகிறார். தேட ஆரம்பித்த அந்த நிமிடமே அவர் ‘வேலையில்லாதவர்’ ஆகிவிடுகிறார். அதுவரை அவர் எந்த விகிதத்திலும் இல்லை.

ஆட்குறைப்பை வேலையின்மை என்று நினைப்பது

2022-ல் ஆட்குறைப்பு 6,440. 2023-ல் 14,590. ‘இரு மடங்குக்கும் மேல்’ என்ற தலைப்பு பொய் இல்லை. ஆனால் ஒப்பிட எடுத்த 2022 வழக்கத்தைவிட மிகவும் தாழ்ந்த ஆண்டு. முதலாளிகள் ஆள் கிடைக்காமல் அலைந்த நேரம் அது. 2019-ல் 10,690, கொவிட் அடித்த 2020-ல் 26,110 என்பதையும் பக்கத்தில் வைத்தால்தான் 14,590 எங்கே நிற்கிறது என்று புரியும்.

இன்னொன்று, வேலை போன எல்லாரும் ஆட்குறைப்புக் கணக்கில் வருவதில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாதவர் இதில் இல்லை. ‘நீங்களே எழுதிக்கொடுத்துவிடுங்கள்’ என்று சொல்லப்பட்டு விலகல் கடிதம் கொடுத்தவரும் இல்லை. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி அப்படித்தான் வெளியே வந்தாள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். தாளில் அவள் தானாக விலகியவள். குறைந்தது பத்து ஊழியர் உள்ள நிறுவனம் ஒருவரை ஆட்குறைப்புச் செய்தாலும் அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 2021 நவம்பர் முதல் விதி. ஆகவே யாராவது உங்களிடம் ‘விலகல் கடிதம்’ கேட்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன் தொழிற்சங்கத்தையோ விவரம் தெரிந்தவரையோ ஒரு வார்த்தை கேளுங்கள்.

சில்லறைத் தவறுகள்

ஒரு காலாண்டில் 2.7, அடுத்ததில் 2.8. உடனே ‘வேலையின்மை உயர்வு’. 2.74 என்றால் 2.7, 2.76 என்றால் 2.8 என்று எழுதுவார்கள், அவ்வளவுதான். இது வீடுகளில் எடுக்கும் மாதிரிக் கணக்கெடுப்பு. 0.1 இப்படி அப்படி ஆடுவது சகஜம். குறைந்தது மூன்று, நான்கு காலாண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், பருவத்துக்கேற்பச் சரிசெய்த எண்ணா என்றும் பாருங்கள். ஜூன் வாக்கில் படித்து முடித்த பிள்ளைகளும் விடுமுறை மாணவர்களும் வேலை தேடி இறங்குவதால் சரிசெய்யாத எண் தானாகவே மேலே போகும்.

வேலையில்லாத ஒருவருக்கு எத்தனை காலியிடம் என்ற விகிதமும் அடிக்கடி அடிபடும். 2020 ஜூனில் அது 0.57. 2022 ஜூனில் 2.53. இரண்டரை வேலை காத்திருக்கும்போது இவர் ஏன் சும்மா இருக்கிறார் என்று கேட்பவர்கள் உண்டு. காலியிடம் மென்பொருள் எழுதுகிறவருக்கும் தாதிக்கும் சமையற்காரருக்கும் இருந்தால், ஐம்பத்திரண்டு வயதில் கிடங்கு மேற்பார்வையாளர் வேலையை இழந்தவருக்கு அது எதற்கு ஆகும்?

தமிழ்நாட்டில் சொந்தபந்தம் உள்ளவர்கள் ஒரு ஒப்பீடு செய்வார்கள். இந்தியாவின் வேலையின்மை 2022-23-ல் 3.2 விழுக்காடு, இங்கே 2.7, ஏறக்குறைய ஒன்றுதானே? இல்லை. இந்திய எண் ‘வழக்கமான நிலை’ என்ற அளவுகோலில், முந்தைய ஓர் ஆண்டை வைத்துக் கணக்கிடுவது. அந்த ஆண்டில் முப்பது நாள் ஏதாவது வேலை பார்த்திருந்தாலே பெரும்பாலும் வேலை உள்ளவர் கணக்கில் போய்விடுவார். அளவுகோலே வேறு. சென்னை மாமாவிடம் வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இடைநிலைச் சம்பளத்தைக் கைக்கு வரும் பணம் என்று எண்ணுவது

இது வீட்டுக்குள் சண்டை மூட்டுகிற தவறு. முழுநேர ஊழியர்களாக இருக்கும் உள்ளூர்வாசிகளின் இடைநிலை மாதச் சம்பளம் 2023-ல் 5,197 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். அது சராசரி இல்லை. அந்த எண்ணில் முதலாளி செலுத்தும் மத்திய சேமநிதிப் (கட்டாயச் சேமிப்பு நிதி) பங்கும் அடக்கம்.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடலாம். 55 வயதுக்குக் கீழ் உள்ள ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்துக்கு மேல் முதலாளி போடும் 17 விழுக்காட்டைக் கழித்தால், அதாவது 5,197-ஐ 1.17-ஆல் வகுத்தால், சம்பளச் சீட்டில் இருப்பது ஏறக்குறைய 4,440 வெள்ளி. அதில் ஊழியரின் பங்கு 20 விழுக்காடு சேமநிதிக்குப் போனால் வங்கிக் கணக்கில் விழுவது சுமார் 3,550. 5,197-க்கும் 3,550-க்கும் நடுவே எத்தனை புருவங்கள் உயர்ந்திருக்கும்! ‘எல்லாரும் ஐயாயிரம் வாங்குறாங்களாம், உங்களுக்கு மட்டும் ஏன்’ என்று யாராவது கேட்டால் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

‘வேலையில்லாதவர்’ என்ற சொல்லை வீட்டு அர்த்தத்தில் படிப்பது

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அண்ணனின் மகன். ஒப்பந்தத்தில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் இருந்தவன். ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. இப்போது வாரத்தில் மூன்று மாலை சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். காலையில் விண்ணப்பம் போடுகிறான். அண்ணன் கேட்டார், “அப்போ என் பையன் அந்த 2.7-ல இருக்கானா இல்லையா?”

இல்லை. ஆட்குறைப்பிலும் இல்லை, ஒப்பந்தம் தானாக முடிந்தது. வேலையில்லாதவர் என்றால் வேலையே செய்யாமல், வேலை செய்யத் தயாராக, தீவிரமாகத் தேடிக்கொண்டும் இருக்க வேண்டும். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்திருந்தாலும் ‘வேலையில் இருப்பவர்’. அலுத்துப்போய்த் தேடுவதையே நிறுத்தியவரும் விகிதத்திலிருந்து வெளியே போய்விடுகிறார். ஆகவே விகிதம் இறங்குவது எப்போதும் நல்ல சேதி இல்லை. 15 வயதுக்கு மேற்பட்ட உள்ளூர்வாசிகளில் வேலை செய்கிறவர்களும் தேடுகிறவர்களும் சேர்ந்து 2021-ல் 70.5 விழுக்காடு, 2023-ல் 68.6. அந்த இறக்கத்துக்குப் பெரிய காரணம் மூப்புதான் என்றாலும், வேலையின்மை விகிதத்தைப் பார்க்கும் கண் இதையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

அண்ணன் மகன் இருக்கும் கணக்கு வேறு. வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கும் குறைவாக வேலை செய்து, இன்னும் செய்யத் தயாராக இருப்பவர்களின் விகிதம் என்று ஒன்றைத் தனியாக வெளியிடுகிறார்கள். 2020-ல் 4.1, 2023-ல் 2.3. வாட்ஸ்அப் படம் போடுகிறவர்கள் அந்த அட்டவணை வரை போவதில்லை.

“இதெல்லாம் யாரைக் கேட்டுப் போடுறாங்க? எங்க வீட்டுக்கு யாரும் வரலையே” என்றார் அண்ணன். குலுக்கலில் தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு அமைச்சிலிருந்து கடிதம் வரும், சட்டப்படி பதில் சொல்ல வேண்டும், நடு ஆண்டில் நடக்கும் பெரிய கணக்கெடுப்பு மட்டும் ஏறக்குறைய 33,000 வீடுகள் என்றேன். அவர் தேநீர்க் குவளையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“போன வருஷம் ஒரு லெட்டர் வந்துச்சு. வீட்ல யார் யார் வேலை செய்றாங்கன்னு கேட்டிருந்தாங்க. மோசடின்னு நெனச்சுக் கிழிச்சுப் போட்டுட்டேன்.”