ஆடிக்காற்றில் ஒரு துண்டு வெயில்: மழைமேகப் படங்கள் எடுப்பதும் திருத்துவதும்

மேகம் கறுத்துவிட்டால் படம் தானாக அமைந்துவிடும் என்று கேமராவைத் தூக்குகிறவர்கள் நிறைய. வானம் முழுக்க ஒரே சாம்பலாக மூடிக் கிடந்தால் படமும் சப்பென்றுதான் வரும். கறுத்த வானத்துக்கு முன்னால் எங்காவது ஒரு துண்டு வெயில் விழ வேண்டும். அதற்குக் காத்திருப்பதுதான் முக்கால்வாசி வேலை.

இடமும் நேரமும்

பழகுவதற்கு நான் சொல்வது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், நாகர்கோவிலுக்கு அருகே இருக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயின் கிழக்குப் பக்கம்: முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி வட்டாரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். இந்தப் பக்கம் மழை மறைவு. மேகம் முகட்டில் குவிந்து நிற்கும், அடிவாரத்தில் பெரும்பாலும் சாரலோடு சரி. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிரே மேற்கில் கருமேகம். நடுவே வெயில்பட்ட வெள்ளைக் காற்றாலைகள். மலைப்பக்கம் தூறினால் வானவில்லும் எதிரேயே வரும். சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு வானவில் தெரியாது என்பதால் விடிந்ததிலிருந்து ஒன்பது மணிக்குள் எடுத்துவிடுங்கள்.

நான்குவழிச் சாலையோரம் வண்டியை நிறுத்தாதீர்கள். ஊர்ச் சாலைக்குள் இறங்கிவிடுங்கள். காற்றாலை நிற்கும் நிலங்களுக்குள் கேட்காமல் நுழைய வேண்டாம். மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம் இருக்கிறது, அந்தப் பக்கம் கேமராவும் ட்ரோனும் வேண்டவே வேண்டாம்.

மின்னல் வெட்டி 30 வினாடிக்குள் இடி கேட்டால் உடனே காருக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் போதும். பனைமரத்தடியில் ஒதுங்கவே கூடாது. எந்தப் படமும் உயிரைவிடப் பெரிதில்லை.

காற்றைச் சமாளிப்பது

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இந்தக் கணவாயில் ட்ரைபாட் நிச்சயம் ஆடும். கால்களை அகட்டி, முழு உயரத்துக்கு இழுக்காமல், நடுத்தண்டை உயர்த்தாமல் வையுங்கள். கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள், அது படபடத்தாலே படம் கலங்கும். பையைத் தொங்கவிடுவதானால் அது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். இல்லாவிட்டால் ஊஞ்சலாடி இன்னும் கெடுக்கும்.

மேற்கே பார்த்து நிற்கும்போது சாரல் நேராக லென்ஸில் அடிக்கும். ஒரு சுவர் மறைவிலோ காரின் மறைவிலோ நில்லுங்கள். லென்ஸைக் கீழே பார்க்கவைத்திருந்து, எடுக்கும் நொடியில் நிமிர்த்தி, எடுத்ததும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கினால் கண்ணாடியில் ஆவி படியும். கேமராவைப் பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டுவைத்து, அப்புறம் திறக்கலாம்.

கேமராவில் என்ன வைப்பது

1. கோப்பு வகை ரா (RAW), அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு. இது இல்லாமல் பின்னால் செய்யும் திருத்தம் பாதிதான் பலிக்கும்.

2. அபெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) எஃப் 8, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு) 100 முதல் 400 வரை.

3. காற்றாலை இறக்கை உறைந்து நிற்க வேண்டுமானால் ஷட்டர் 1/500 வினாடி; சுழற்சி தெரிய வேண்டுமானால் 1/15 வினாடி அளவில், ட்ரைபாடோடு.

4. நிறச் சமநிலையை, அதாவது வொயிட் பேலன்ஸை, ‘டேலைட்’டில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் மேகத்தின் நீலக் கறுப்பைக் கேமரா தானே சரிக்கட்டிவிடும்.

5. எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) முக்கால் ஸ்டாப் வரை குறையுங்கள்; ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டக்கூடாது. வெளிறிப்போன வெயிலைப் பின்னால் மீட்க முடியாது.

மொபைலில் எடுப்பவர்கள் வெயில்பட்ட இடத்தைத் தொட்டு அழுத்தி லாக் செய்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தால் போதும்.

இனி காத்திருங்கள். படத்தை முதலிலேயே அமைத்துவிட்டு, மேகத்தின் இடைவெளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். வெயில் துண்டு வயலில் ஊர்ந்து வருவது தெரியும். அது காற்றாலை வரிசையைத் தொடும்போது விடாமல் எடுங்கள், சில நொடிகளில் போய்விடும்.

திருத்துவது

படம் திருத்தும் மென்பொருளில் லைட்ரூம் இருந்தால் நல்லது. டார்க்டேபிள், மொபைலில் ஸ்னாப்சீட் இரண்டும் இலவசம். கருவிகளின் பெயரும் அளவும் மாறலாம், மூன்றிலும் வழி ஏறக்குறைய இதேதான்.

முதலில் படத்தைப் பெரிதாக்கி நீர்த்துளிக் கறைகளை ஹீலிங் கருவியால் நீக்குங்கள். அடுத்து ஹைலைட்டை (படத்தின் வெளிச்சமான பகுதிகளை) குறைத்து, வெயிலுக்குள் விவரம் தெரிகிறதா என்று பாருங்கள். ஷேடோவில், அதாவது இருண்ட பகுதிகளில்தான் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள். மலையின் இருட்டையெல்லாம் தூக்கிவிட்டால் வெயில் துண்டுக்கு மதிப்பே போய்விடும். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். கரி பூசியதுபோல் ஆகாத அளவுக்கு மட்டும் தூக்குங்கள்.

பிறகு வானத்துக்குத் தனியாக ஒரு மாஸ்க், அதாவது திருத்தம் அந்தப் பகுதியில் மட்டும் படும்படி ஒரு தேர்வு. அதில் மங்கலை நீக்கும் டீஹேஸ் 15 அளவில், விவரங்களை எடுப்பாக்கும் கிளாரிட்டி அதற்கும் குறைவாக. மலை விளிம்பை ஒட்டி வெள்ளைக் கோடு எழுந்தால் அதிகமாகிவிட்டது, உடனே குறையுங்கள். வானத்தை இருட்டும்போது காற்றாலைகளின் உச்சியும் சேர்ந்து சாம்பலாகும். பிரஷ்ஷால் அவற்றை மாஸ்க்கிலிருந்து கழித்துவிடுங்கள். வெயில் விழுந்த இடத்தில் மட்டும் இன்னொரு மாஸ்க் போட்டு, எக்ஸ்போஷரைக் கால் ஸ்டாப் ஏற்றி, நிறத்தை ஒரு பொட்டு மஞ்சளுக்கு நகர்த்தலாம்.

சேச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, நான் தொடுவதே இல்லை. ஈரப் பச்சை ஏற்கெனவே அடர்த்தியானது. ஏற்றினால் பிளாஸ்டிக் பச்சையாகிவிடும். வண்ணம் எப்படியும் அமையவில்லை என்றால் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, நீலத்தின் வெளிச்சத்தை மட்டும் குறைத்துப் பாருங்கள், மேகத்தின் மடிப்புகள் எழுந்து வரும்.