லீவுக்கு வேலூர் வருகிறீர்களா? மத்தியானத்தை வீட்டுக்கு விட்டுவிடுங்கள்

எங்கள் வீடு சத்துவாச்சாரியில். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் சென்னையிலிருந்து அண்ணன் குடும்பம் வரும். அவர்கள் கிளம்பிய கையோடு பெங்களூரு நாத்தனார் குடும்பம். பாய்கள் சுருட்டப்படவே மாட்டா. எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் வருகிறவர்கள் பாதிப் பேர் களைத்துப்போய்த்தான் ஊருக்குத் திரும்புகிறார்கள். சொந்தக்காரரோடு இருந்த நிறைவும் இல்லை, ஊரைப் பார்த்த நிறைவும் இல்லை. எங்கே தவறுகிறது என்று பல வருடமாகப் பார்த்துவருவதால் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, எல்லாவற்றையும் கெடுக்கும் தவறு, வெளியே கிளம்பும் நேரம். எட்டு மணிக்கு எழுந்து, ஒரே குளியலறையில் பத்துப் பேர் குளித்து, இட்லி சாப்பிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது மணி பதினொன்று. மே மாத வேலூரில் அது வெளியே போகிற நேரமே இல்லை. கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். ஊரைச் சுற்றி நிற்பவை மரம் குறைந்த பாறை மலைகள். பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி வரை வெளியே விடும். கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு நடக்க முடியாது. பெரும்பாலான கோயில்களில் மதியம் நடையும் சாத்தியிருக்கும். அதாவது பதினொன்றுக்குக் கிளம்புகிறவர் கொதிக்கிற தரையையும் மூடிய கதவையும் பார்த்துவிட்டு வருவார்.

காலை ஆறு மணிக்கு ஒரு வாய் காபியோடு கிளம்புங்கள். பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். மறுபடி வெளியே போவதென்றால் நாலரைக்கு மேல். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கோட்டையை அரை மணியில் முடிப்பது

வருகிறவர்கள் எல்லோரும் கோட்டைக்குப் போகிறார்கள். அகழி முன்னால் ஒரு போட்டோ, கோயிலில் ஒரு கும்பிடு, வெளியே கரும்புச் சாறு. அரை மணியில் "கோட்டை பார்த்தாச்சு" என்று வந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் வருத்தம்.

விஜயநகரக் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த கருங்கல் கோட்டை இது. 133 ஏக்கர். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் இருக்கின்றன. கோயிலுக்குள் நுழைந்ததும் நேரே சந்நிதிக்கு ஓடாமல் கல்யாண மண்டபத்தில் கொஞ்சம் நில்லுங்கள். குதிரையும் யாளியும் பாய்கிற தூண்களை ஒவ்வொன்றாகப் பார்க்க அரை மணி வேண்டும். பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், பெரியவர்கள் கவனிக்காததை எல்லாம் அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

"தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை" என்று வேலூரைச் சொல்வது பழைய பேச்சு. அதில் நடுவில் வருவது இந்தக் கோயில்தான். பல காலம் மூலவர் இல்லாமல் கிடந்தது. லிங்கம் எங்கள் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981 மார்ச் 16 அன்றுதான் அதைக் கோட்டைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த நாளைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆயாவின் குரலே மாறிவிடும். உங்கள் வீட்டிலும் அப்படி நினைவு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சொல்லக் கேட்டபடி பார்க்கிற கோட்டை வேறு மாதிரி இருக்கும்.

1806 ஜூலை 10 விடிவதற்கு முன்பு இங்கிருந்த இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். நெற்றிக் குறி கூடாது, தாடியை எடுக்க வேண்டும், புது மாதிரித் தலைப்பாகை போட வேண்டும் என்று வந்த உத்தரவுகள் உடனடிக் காரணம். 1799-இல் திப்பு சுல்தான் விழுந்த பிறகு அவர் குடும்பத்தை இந்தக் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். சிப்பாய்கள் திப்புவின் கொடியை ஏற்றினார்கள். அன்றைக்கே ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி தலைமையில் குதிரைப்படை வந்து எழுச்சியை அடக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். 1857-க்கு 51 வருடம் முன்னால் நடந்தது இது. பத்தாம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தில் இரண்டு வரியில் படித்துவிட்டுப் போகிற விஷயம். மதில் மேல் நின்று அதே பிள்ளைக்குச் சொன்னால் மறக்காது.

கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் போவதென்றால் வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை. இலங்கையில் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832-இல் இங்கேதான் இறந்தார். அவருடைய சமாதி பாலாற்றங்கரையில், முத்து மண்டபத்தில் இருக்கிறது. இலங்கைச் சொந்தம் உள்ள வீட்டார் யாராவது வந்தால் நான் தவறாமல் கூட்டிப் போகிற இடம்.

பழைய மாவட்டத்தை ஒரே நாளில் சுற்றப் பார்ப்பது

செல்போனில் "வேலூர் சுற்றுலா இடங்கள்" என்று தேடினால் ஏலகிரி, சோளிங்கர், ஜவ்வாது மலை, ஆற்காடு எல்லாம் ஒரே பட்டியலில் வரும். அதை நம்பி ஒரே நாளில் ஏலகிரியும் சோளிங்கரும் என்று திட்டம் போடுகிறார்கள். இரண்டும் எதிரெதிர்த் திசை. வேலூரிலிருந்து ஏலகிரி மேற்கே 90 கிலோமீட்டர் போல. சோளிங்கர் வடகிழக்கே.

பழைய வட ஆற்காடு மாவட்டம் அவ்வளவு பெரியது. 1989-இல் திருவண்ணாமலைப் பக்கம் தனி மாவட்டமானது. மிச்சம் இருந்ததிலிருந்து 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஏலகிரி இப்போது திருப்பத்தூர் மாவட்டம், சோளிங்கர் ராணிப்பேட்டை. பெரியவர்கள் பேச்சில் எல்லாம் இன்னும் "நம்ம ஜில்லா"தான், அதில் தப்பில்லை. வண்டி எடுக்கும் முன் மட்டும் வரைபடத்தைப் பார்த்து, ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலகிரியைப் பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, இரண்டு காரில் பதினோரு பேர் கிளம்பினோம். எண்பது வயது ஆயாவையும் "ஜில்லென்று இருக்கும், வாங்க" என்று வற்புறுத்தி ஏற்றிவிட்டோம். 14 கொண்டை ஊசி வளைவு. எட்டாவது வளைவுக்குள் ஆயாவுக்கு இரண்டு முறை வாந்தி. மேலே போனால் படகுத் துறையில் நிற்க இடமில்லை. முன்பதிவு செய்திருந்த விடுதியில் எங்கள் பெயரே இல்லை என்றார்கள். ஒரு புளியமரத்தடியில் ஆயாவைப் படுக்கவைத்து, பகல் முழுக்க விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடுதிக்காரர் பேரில் கோபம் இருந்தது உண்மை. ஆனால் அந்த நாளில், அந்த வயதுக்காரரை அங்கே ஏற்றியது எங்கள் தவறு.

ஏலகிரி 1,000 மீட்டருக்குச் சற்று மேல்தான். ஊட்டியை மனதில் வைத்துக்கொண்டு மே மாதம் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பக்கத்து ஜலகம்பாறை அருவியும் கோடையில் வறண்டு கிடக்கும். மழை முடிகிற மார்கழியில் வாருங்கள். அப்போது வளைவுகளில் எழுதியிருக்கும் புலவர் பெயர்களையும் பாரி, காரி, ஓரி போன்ற வள்ளல்களின் பெயர்களையும் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டு நிதானமாக ஏறலாம்.

சோளிங்கரில் நரசிம்மர் கோயில் இருக்கும் பெரிய மலைக்கு 1,305 படிகள். முட்டிவலிக்காரர்கள் இருந்தால் ரோப் கார் இருக்கிறது, 2024-இலிருந்து ஓடுகிறது. கார்த்திகை ஞாயிறுகளில் கூட்டம் மிக அதிகம், சின்னக் குழந்தையோடு போக வேண்டாம்.

காவலூர் போகிற ஆசை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜவ்வாது மலையில் இருக்கும் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் அது. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இலிருந்து அங்கே இருக்கிறது. 1977-இல் யுரேனஸின் வளையங்களைக் கவனித்த ஆய்வகங்களில் இதுவும் ஒன்று. பொதுமக்களுக்குச் சனிக்கிழமைதான். "போய்ப் பார்ப்போம்" என்று மற்ற நாளில் மலை ஏறிவிடாதீர்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும்.

ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு மாலையில் போங்கள். விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய கோயில் அது. 2007-இல் திறந்தது, சுமார் 1,500 கிலோ தங்கம். நட்சத்திர வடிவப் பாதையில் நீண்ட நடை உண்டு, இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். அரைக்கால் சட்டை, லுங்கி கூடாது. போனை உள்ளே கொண்டுபோக முடியாது, எனவே பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவிடுங்கள்.

அருகில் இருப்பதை விட்டுவிடுவது

எல்லோரும் பெயர் பெற்ற இடத்துக்கே ஓட, பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் விரிஞ்சிபுரம் சும்மா கிடக்கிறது. மதில் அழகுக்குப் பெயர் போன மார்க்கபந்தீஸ்வரர் கோயில். அபிஷேகம் செய்ய வந்த சிறுவனுக்குக் கை எட்டவில்லை என்று சிவன் தலை சாய்த்தார் என்பது தலபுராணம், லிங்கமும் சற்றுச் சாய்ந்துதான் இருக்கிறது. பிரகாரத்தில் நேரம் காட்டும் கல் ஒன்று உண்டு. அதில் குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம்தான் மணி. காலை எட்டு, எட்டரைக்குப் போனால் வெயிலும் பொறுக்கும், நிழலும் தெளிவாக விழும். இன்னும் கொஞ்சம் ஆர்வம் இருந்தால் வள்ளிமலையின் சமணச் சிற்பங்களும், ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த மேல்பாடிப் பள்ளிப்படைக் கோயிலும் (இறந்த அரசர் நினைவாக எடுக்கிற கோயில்) ஒரே காலையில் முடியும்.

உங்கள் குலதெய்வம் இந்தப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தால் அதை ஒருநாள் கண்டிப்பாக வையுங்கள். வயதானவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், ஆனால் அவர்கள் மனது அங்கேதான் இருக்கும்.

வீட்டை லாட்ஜ் மாதிரி நடத்துவது

சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். "மத்தியானம் சாப்பிட வந்துடுவோம் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய், ஆம்பூர் வரை போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு வந்தால், வீட்டில் பத்துப் பேருக்கு வடித்த சோறு என்னாவது? ஆம்பூர் பிரியாணி சாப்பிடத்தான் வேண்டும். சீரகச் சம்பாவும் கூட வைக்கிற கத்திரிக்காயும் வேறெங்கும் அந்த ருசியில் வராது. முதல் நாள் ராத்திரியே சொல்லிவிடுங்கள். வீட்டில் சமைக்கிறவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவருக்கும் லீவு வேண்டும்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். கோடையில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. தொட்டியில் இருப்பதை எல்லோரும் பார்த்துச் செலவழிக்க வேண்டும். தினம் ஒரு குடத்தைப் பிள்ளைகளை விட்டுத் தூக்கச் சொல்லுங்கள், வீட்டுக்காரருக்கு எவ்வளவு ஆறுதல் என்று பார்ப்பீர்கள்.

பதினொன்றிலிருந்து நாலரை வரை என்ன செய்வது என்று கேட்பார்கள். அதுதான் லீவே. சிமெண்டுத் தரையைத் துடைத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே வரிசையாகப் படுப்பது. யாராவது நுங்கு வாங்கி வருவார்கள். தோல் உரிக்கிற சாக்கில் அத்தைகள் பழைய கதை எடுப்பார்கள். போன வருடம் அப்படி ஒரு மத்தியானத்தில்தான், தாத்தா முதன்முதலில் வாலாஜாவில் தறிவேலைக்குப் போன கதையை எங்கள் பிள்ளைகள் முழுதாகக் கேட்டார்கள். இந்த நேரத்தில் மால், சினிமா என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கடைசி நாள்

கிளம்புகிற நாளில் இன்னொரு இடம் பார்க்கலாம் என்று நினைப்பது பெரிய தவறு. சென்னை, பெங்களூரு ரயில்கள் நிற்பது காட்பாடியில். வேலூர் கண்டோன்மெண்ட் வேறு ஸ்டேஷன், விழுப்புரம் பாதையில் இருக்கிறது. டிக்கெட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாலாற்றுப் பாலத்தில் சாயங்கால நெரிசல் உண்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். பௌர்ணமி அன்று பஸ்ஸில் போகிறவர்கள் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிற கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டே நிரம்பிவிடும்.

ஆற்காடு மக்கன் பேடா வாங்குவதென்றால் கிளம்புவதற்கு முதல் நாள் வாங்குங்கள். இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காயை அன்று காலையில் வாங்குங்கள்; 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது. காம்பில் முள் இருக்கும், பிளாஸ்டிக் பையைக் கிழித்துவிடும், உள்ளே வியர்த்தும் போகும். ஒரு துணிப்பையில் போட்டு, வண்டியில் மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.