மறுநுழைவு வெப்பத்தை அளக்க தெர்மோகப்பிளைப் புதைப்பது எப்படி

விண்கலம் காற்றுமண்டலத்துக்குள் பாயும்போது அதைச் சுடவைப்பது பெரும்பாலும் உராய்வு அல்ல. முன்னால் எழும் அதிர்வலையில் காற்று அழுந்திக் கொதிக்கிறது. அந்தச் சூடு கலத்தின் வெப்பக் கவசத்தில் இறங்குகிறது. வெளிப்பரப்பில் வைக்கும் கருவி அதிக நேரம் தாங்காது. அதனால் கவசத்துக்குள்ளே வெப்பநிலையை அளந்து, அதிலிருந்து வெளியே இருந்த வெப்பப் பாய்வை, அதாவது பரப்பில் எவ்வளவு வேகமாக வெப்பம் இறங்கியது என்பதை, கணக்கிடுகிறோம்.

கவசம் எந்தப் பொருளோ, அதே பொருளில் ஓர் உருளைச் செருகி செய்துகொள்ளுங்கள். அதில் பல ஆழங்களில் தெர்மோகப்பிள்களைப் புதைக்க வேண்டும். தெர்மோகப்பிள் என்பது இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்த வெப்பநிலை உணரி; அவை சேரும் முனைதான் சந்தி. 2012இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தியின் கவசத்தில் இப்படி 7 செருகிகள் இருந்தன. மேல்மட்டச் சந்தி பரப்புக்கு வெறும் 2.5 மில்லிமீட்டர் கீழே. அவ்வளவு மேலே இருப்பது பிளாட்டினம் வகையாக இருந்தால் நல்லது. 1,250 டிகிரி செல்சியஸுக்கு மேல் கே வகையை (நிக்கல் கலவைக் கம்பிகள் கொண்டது) நான் நம்பமாட்டேன். ஆழத்தில் இருப்பவற்றுக்குக் கே வகையே போதும்.

கம்பியை மேலிருந்து கீழாக நேராக இறக்கிவிடாதீர்கள். உலோகக் கம்பி கவசத்தைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சந்தியிலிருந்தே சூட்டை உறிஞ்சிக்கொண்டு போய்விடும், அளவு குறைவாகக் காட்டும். சந்தியின் இரு பக்கமும் கம்பி பரப்புக்கு இணையாகக் கொஞ்ச தூரம் படுத்திருக்க வேண்டும், கம்பி விட்டத்தைப் போல 25 மடங்காவது. அப்புறம்தான் கீழே வளையலாம்.

செருகியை ஒட்டும் முன் எக்ஸ்ரே எடுத்து, ஒவ்வொரு சந்தியின் உண்மையான ஆழத்தையும் குறித்துவையுங்கள். வரைபடத்தில் இருக்கும் ஆழத்தை வைத்துக் கணக்குப் போடுவதை நான் ஏற்பதே இல்லை. பரப்புக்கு அருகே வெப்பநிலை அவ்வளவு செங்குத்தாக மாறுகிறது. அரை மில்லிமீட்டர் பிசகினாலே விடை வேறாகிவிடும்.

சூட்டில் மின்னேற்றம் பெற்ற வாயுவான பிளாஸ்மா கலத்தைச் சூழும்போது வானொலித் தொடர்பு அறுந்துபோகலாம், ஆகவே பதிவு கலத்துக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும். மேல் சந்திகளை அடிக்கடி படியுங்கள், ஆழத்தில் நிதானமாகப் படித்தால் போதும்.

மேல் தெர்மோகப்பிள் எரிந்துபோனால் அந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: கவசப் பரப்பு சூட்டில் கரிந்து உதிரும் தேய்மானம் அந்த ஆழத்தை நெருங்கிவிட்டது என்று அர்த்தமாக இருக்கலாம். கியூரியாசிட்டியில் சில இடங்களில் எரியும் என்று கணித்திருந்தார்கள், எதுவும் எரியவில்லை. கவசம் நினைத்ததைவிடக் குறைவாகவே தேய்ந்திருந்தது.

கணக்கிடும்போது ஒரு சந்தியின் அளவை மட்டும் ஒதுக்கிவையுங்கள். மற்றவற்றிலிருந்து பாய்வைக் கண்டுபிடித்து, அந்தப் பாய்வு ஒதுக்கிவைத்த இடத்தில் என்ன வெப்பநிலை தரும் என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால், பொருளின் வெப்பக் கடத்துத்திறன் எண்ணிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.