ஒரே மின்னஞ்சல் திரும்பத் திரும்ப இறங்கும்போது செய்யக்கூடாதவை

நேற்றே படித்து முடித்த மின்னஞ்சல்கள் இன்று மறுபடியும் புதியவை போல வந்து நிற்கும்போது, பெரும்பாலோர் முதலில் நகல்களை அழிக்கத் தொடங்குகிறார்கள். காரணம் தீராதவரை அடுத்த இறக்கத்தில் அவை திரும்பவும் வரும் என்பதோடு, அவசரத்தில் மூல அஞ்சலும் சேர்ந்து அழிந்துபோகலாம்.

இச்சிக்கல் பெரும்பாலும், அஞ்சல்களைச் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 (POP3) முறையில் அமைத்த கணக்குகளில் தோன்றுகிறது. நகல்களைச் சர்வரிலேயே விட்டுவைக்கும்படி அமைத்திருந்தால், எவையெல்லாம் இறங்கிவிட்டன என்று நினைவில் வைத்திருக்க வேண்டியது நம் கணினியிலுள்ள மென்பொருள்தான். சர்வர் ஒவ்வோர் அஞ்சலுக்கும் தரும் தனி அடையாளக் குறியை அது ஒரு பட்டியலில் எழுதிக்கொள்கிறது; தண்டர்பேர்டு என்ற அஞ்சல் மென்பொருளில் அப்பட்டியல் 'பாப்ஸ்டேட்.டாட்' (popstate.dat) என்னும் கோப்பில் இருக்கும். கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பவர்கள் இந்தப் பட்டியலையே இழக்கிறார்கள். சர்வரில் உள்ள அனைத்தும் மீண்டும் இறங்குகின்றன. சேவை நிறுவனம் சர்வரை மாற்றி, குறிகளும் மாறிவிட்டால் இதே விளைவு ஒருமுறை நேரும். அது ஒருமுறையோடு நின்றுவிட்டால் எதையும் தொட வேண்டியதில்லை.

'சர்வரில் நகலை வைத்திரு' என்ற தேர்வை உடனே நீக்குவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பது என் கருத்து. பாப்3 நெறிமுறையை வரையறுக்கும் 1996ஆம் ஆண்டு ஆவணத்தின்படி, அழிக்கச் சொன்ன அஞ்சல்கள் இணைப்பு முறையாக முடித்துக்கொள்ளப்பட்ட பிறகே அழிகின்றன. இடையில் இணைப்பு அறுந்தால் அந்தக் குறிப்புகள் செல்லாமல் போய், எல்லா அஞ்சல்களும் அங்கேயே இருக்கும். ஆகவே இணைப்பு அறுவதுதான் காரணமென்றால் இந்த மாற்றம் பயன் தராது. இணைப்பு நன்றாக இருந்தாலோ, மற்றக் கருவிகளுக்குத் தேவையான சர்வர் நகல்கள் பறிபோய்விடும்.

ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் இறக்கம் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். நின்றால், பெரிய இணைப்புக் கோப்புள்ள அல்லது பழுதான ஓர் அஞ்சல் வழியை அடைத்திருக்கலாம். உலாவி வழியே அஞ்சல் பெட்டியைத் திறந்து, ஐயத்துக்குரிய அஞ்சலை வேறு கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள். பாப்3 பொதுவாக உள்பெட்டியை மட்டுமே பார்க்கும். சர்வரின் பதிலுக்காக மென்பொருள் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்ப்பதும் நல்லது. வைரஸ் தடுப்பு மென்பொருளை முழுவதுமாக நீக்குவது தேவையற்றது. வரும் அஞ்சலைச் சோதிக்கும் பகுதியை மட்டும் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்தாலே அதுதான் தடையா என்று தெரிந்துவிடும். வட்டில் இடம் இல்லாவிட்டாலும் பட்டியலை எழுத முடியாது. இதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.

அஞ்சல்களைச் சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவிகளிலும் ஒரேபோலக் காட்டும் ஐமேப் (IMAP) முறைக்கு மாறுவது நல்ல வழிதான். ஆனால் பழைய அஞ்சல்களைக் காப்புப் பிரதி எடுக்காமல் பாப்3 கணக்கை நீக்காதீர்கள். கணினியில் மட்டும் இருந்தவை அதோடு போய்விடக்கூடும். அவற்றை மொத்தமாகப் புதிய கணக்கின் உள்பெட்டிக்குள் இழுத்துப் போடுவதும் தவறு: நகல்கள் சர்வருக்கே ஏறிவிடும், பாப்3 முறையில் இன்னும் இயங்கும் வேறொரு கணினி இருந்தால், அவை அங்கே புதிய அஞ்சல்களாக இறங்கும்.