முடக்கிய விளம்பரக் கணக்கு திரும்பி வந்தது இப்படித்தான்

செல்லாத கிளிக்குகள், அதாவது விளம்பரத்தின் மேல் விழும் போலிக் கிளிக்குகள் என்று சொல்லி என் சமையல் தளத்தின் விளம்பரக் கணக்கை விளம்பர நிறுவனத்தார் முடக்கிவிட்டார்கள். எந்தப் பக்கம், எப்போது என்று விவரம் தரமாட்டார்கள். சொன்னால் மோசடிக்காரன் உஷாராகிவிடுவானாம். அதுவும் நியாயம்தான்.

சரி, நாமே தேடுவோம் என்று தளத்துக்கு வரும் ஒவ்வொரு வருகையும் பதிவாகும் சர்வர் லாக்கைத் திறந்தேன். அதில் விளம்பரக் கிளிக் பதிவாகாது, வருகைதான் தெரியும். ஆனால் அதுவே போதுமாக இருந்தது: நள்ளிரவில் ஒரே ஐபி (இணைய முகவரி) வரிசை, ஒரே பழைய குரோம் பதிப்பு, திரும்பத் திரும்ப அதே இட்லிப் பொடிப் பக்கம். ஐபியைத் தேடினால் வீட்டு இணைப்பு இல்லை, ஏதோ டேட்டா சென்டர். அப்படியென்றால் பெரும்பாலும் வாசகர் இல்லை, தானியங்கி நிரல்தான். தளத்துக்கு முன்னால் காவல் நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவையில் அந்த நெட்வொர்க்கையே மொத்தமாகத் தடுத்தேன்.

மேல்முறையீட்டில் கெஞ்சவில்லை. தேதி, ஐபி, லாக் வரிகள், போட்ட தடை, அவ்வளவுதான். கணக்கு திரும்பியது. அந்த மாத வருமானத்தை மட்டும் கழித்துக்கொண்டார்கள்.